சொல்லிவிட்டுத் தொடுகிறவர்

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். மதுரை செல்லூரில் தறிக்கூடத்துக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகள். பகலெல்லாம் தறி ஓடும். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது. கரண்ட் போனால் தறி நிற்கும். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பேசுவது மட்டும் கேட்கும்.

“வலது காலைத் தூக்குறேன். மடக்கப் போறேன். வலிச்சா தட்டு.”

கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு மறுபடியும் வரும்.

“இப்பக் கீழ வைக்கிறேன்.”

பதில் குரல் கேட்காது. வரிசைக்குப் புதிதாகக் குடி வருகிறவர்கள் அவர் தனியாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். தனியாக இல்லை. உள்ளே அவர் சம்சாரம் கட்டிலில் கிடந்தார். அந்த அக்காவுக்கு வலது பக்கம் இழுத்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அவருக்கோ கண் தெரியாது. சின்னப் பிள்ளையிலேயே போய்விட்டதாம். பிள்ளைகள் இல்லை. அவர்தான் பார்த்துக்கொண்டார்.

இப்போது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கரண்ட் போனால் அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

அவர் கப்பலூரில் ஒரு மில் ஆபீஸில் டெலிபோன் போர்டு பார்த்தவர். வருகிற போனை எடுத்து, உள்ளே யாருக்கு வேண்டுமோ அவருக்குக் கொடுக்கிற வேலை. அதனால் வரிசையில் அவருக்கு டெலிபோன்காரர் என்றே பெயர். நான் அண்ணே என்பேன். நானும் கப்பலூரில்தான், பிளாஸ்டிக் பைப் கம்பெனியில் மூட்டை தூக்குகிறேன். காலையில் ஒரே பஸ்.

நான் குடி வந்த புதிதில், செல்லூர் ரோட்டைக் கடக்க அவர் கம்புடன் நின்றார். போய்க் கையைப் பிடித்தேன். நல்லது செய்கிறேன் என்று நினைப்பு. அவர் நகரவில்லை. நட்டுவைத்த கல் மாதிரி நின்றார். இழுத்தேன். அப்போதும் வரவில்லை.

“யாரு?” என்றார்.

“பக்கத்து வீடுண்ணே.”

“அதச் சொல்லிட்டுத் தொடலாம்ல.”

குரலில் கோபம் இல்லை. போனில் பேசிப் பழகிய குரல், ஒரே சீராக இருக்கும். என் கையை எடுத்துவிட்டார். பிறகு அவராகவே என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு, இப்போது போங்கள் என்றார். போனோம்.

பஸ்ஸில் அவரே சொன்னார். சின்ன வயதிலிருந்து யார் யாரோ கையைப் பிடித்து இழுக்கிறார்கள். கடக்க வேண்டாத ரோட்டையெல்லாம் கடந்திருக்கிறாராம். பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பார். ஒருத்தர் வந்து பேசாமல் கொள்ளாமல் எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டுப் போய்விடுவார். அவருக்கு நன்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாள் பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் அப்படித் தூக்கி ஏற்றிவிட்டது அழகர்கோயில் பஸ்ஸில்.

“அப்பறம் என்னண்ணே செஞ்சீங்க?”

“என்ன செய்ய. சாமி கும்பிட்டுட்டு வந்தேன். அன்னைக்கி லீவு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் யாராவது சொல்லாமல் தொட்டால் அவர் உடம்பு விறைத்துக்கொள்ளும். பஸ்ஸில் கண்டக்டர் தோளில் கை வைத்தாலும் விறைக்கும். அவரும் யாரையும் சொல்லாமல் தொட மாட்டார். கைக்குழந்தையாக இருந்தாலும் “கை வைக்கிறேன்” என்பார். குழந்தைக்கு என்ன தெரியும். ஆனாலும் சொல்வார்.

அந்த அக்காவுக்குச் சொந்த ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். விவசாயக் குடும்பம். மில் ஆபீஸில் கூட்டிப் பெருக்க வந்தவர். இவர் கேட்டாராம், அவர் சரி என்றாராம். கல்யாணத்துக்கு அக்கா வீட்டில் யாரும் வரவில்லை. கூடப் பிறந்த தம்பி மட்டும் பிற்பாடு வந்துபோக ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நானும் தோண்டிக் கேட்கிற ஆள் இல்லை.

எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்டது. மில்லில் போர்டை எடுத்துவிட்டார்கள். அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு மறு வருஷம் அக்கா குழாயடியில் குடத்தோடு விழுந்தார். நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் தங்கியது. அவ்வளவுதான் தங்கியது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று வரிசையில் எல்லோரும் வாசலில் நின்றார்கள். இனி இவர் என்ன செய்வார் என்று பேச்சு. அவர் காதில் விழும்படிதான் பேசினார்கள். கண் தெரியாதவருக்குக் காதும் கேட்காது என்று ஜனங்களுக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. அக்காவைக் கட்டிலில் படுக்கவைத்தோம். கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு ஆரம்பித்தது.

அவர் செய்வதை என் வீட்டுக்காரி பார்த்துவிட்டு வந்து சொல்வாள். சோற்றைக் குழைத்து ஊட்டும்போது ஒரு கை கரண்டியில் இருக்கும், இன்னொரு கையின் இரண்டு விரல் அக்கா தொண்டையில் இருக்கும். முழுங்கியது விரலில் தெரிந்த பிறகுதான் அடுத்த வாய். அதற்கு முன்னால் “தொண்டையில கை வைக்கிறேன்”. அடுத்து “வாயத் தொற, கரண்டி வருது”. ஒவ்வொரு வாய்க்கும் இப்படித்தான். ஒரு வேளைச் சாப்பாடு முடிய, எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவியிருப்பார்கள்.

அக்காவுக்கு இடது கை மட்டும் சொன்னதைக் கேட்கும். அவர் மணிக்கட்டை அதன் கீழே கொடுப்பார். தட்டினால் சரி. நகத்தால் கீறினால் வேண்டாம். அவர் எதையும் சரி, வேண்டாம் என்று பதில் வருகிற மாதிரியே கேட்பார். வேண்டாம் என்றால் செய்ய மாட்டார். துணி மாற்றுவதற்கு வேண்டாம் என்றால், கொஞ்ச நேரம் கழித்து மாற்றவா என்று திருப்பித் திருப்பிக் கேட்டு, காத்திருந்து, பிறகு மாற்றுவார். சட்டென்று செய்துவிட்டால் சீக்கிரம் முடியும். செய்ய மாட்டார்.

குளிப்பாட்டினால் அக்காவுக்கு முகத்தில் மஞ்சள் பூசுவார். நல்லா இருந்தபோது அக்கா பூசிக்கொள்வதுண்டு. அதனால் இவரும் விடவில்லை. பொட்டும் வைப்பார். பொட்டு எப்போதும் இடது புருவத்துக்கு மேலே போய் உட்காரும். ஒரு நாள் என் வீட்டுக்காரி பொறுக்க மாட்டாமல் அதை எடுத்து நடுவில் வைக்கப் போனாள். அக்கா இடது கையால் தட்டிவிட்டார். நல்ல அடி. அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது.

“என்ன தங்கச்சி?”

“ஒண்ணுமில்லண்ணே. பொட்டு கொஞ்சம் ஒதுங்கியிருந்துச்சு.”

“அவட்டக் கேட்டீங்களா?”

இவள் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கையைத் தேய்த்துக்கொண்டே, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல என்றாள். அதோடு யாரும் அந்தப் பொட்டில் கை வைக்கவில்லை.

ஒரு தடவை எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மூட்டையை ஏற்றும்போது தப்பாகத் திரும்பிவிட்டேன். வீட்டில் தரையில் கிடந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. என் வீட்டுக்காரி தையல் கம்பெனிக்குப் போய்விட்டாள். நான் முனகியது சுவரைத் தாண்டியிருக்கிறது. வாசலில் வந்து நின்று, உள்ளே வாரேன் என்றார். வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, முதுகில் கை வைக்கட்டுமா என்று கேட்டார். நான் சரி என்ற பிறகு வைத்தார். எண்ணெய் தேய்த்தார். எங்கே அழுத்தப் போகிறார் என்று சொல்லிச் சொல்லி அழுத்தினார். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆம்பளைக்கு ஆம்பளை இப்படிப் பேசிக்கொண்டு செய்வார்களா என்று. பிறகு கக்கூசுக்குப் போக வேண்டியிருந்தது. என்னைத் தாங்கிக் கொண்டுபோய் உட்காரவைத்தார். எனக்கு உயிரே போனது.

“வெக்கப்படாதீங்க தம்பி,” என்றார். “பாத்தாத்தான வெக்கம். எனக்குத்தான் தெரியாதுல்ல.”

அந்த வலியிலும் சிரித்துவிட்டேன். திரும்பப் படுக்கவைத்துவிட்டு, அவ கட்டில்ல தட்டுவா, போறேன் என்று போனார். எனக்கு ஒன்று தெரிந்தது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் உடம்பு பயப்படுவதில்லை. நன்றாகத் தூங்கினேன்.

அவரைச் சாமியார் மாதிரிச் சொல்லக் கூடாது. அலுத்துப்போவார். துணியெல்லாம் அலசிக் கொடியில் போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தால், உட்கார்ந்த மேனிக்கே தூங்கிவிடுவார். தலை தொங்கும். களைப்பா இருக்காண்ணே என்று கேட்டால், ஆமா என்பார். அவ்வளவுதான். சமாளிக்கிறேன், விதி என்றெல்லாம் பேச மாட்டார். அப்படிப் பேசினால் நமக்கும் ஏதாவது சொல்லத் தோன்றும். ஆமா என்றால் என்ன சொல்வது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் கரண்ட் இல்லை. தறி நின்றிருந்தது. அந்தப் பக்கம் கட்டில் நகர்கிற சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தம் இல்லை. அவர் பேசாமல் அக்காவைத் திருப்பியிருக்கிறார். உடனே கட்டில் இரும்பில் டங் டங் என்று அடி விழுந்தது. அக்கா இடது கையால் அடிக்கிறார். நிற்காமல் அடிக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் வந்தது.

“சரி. சொல்றேன். சொல்றேன்.”

மறு நாள் வாசலில் பார்த்தபோது, கேட்டுச்சா தம்பி என்றார். கேட்டது என்றேன்.

“கை செய்யிறதுல ஒண்ணும் இல்ல. பேசத் தெம்பில்ல தம்பி. வாயெல்லாம் வலிக்கிது. போர்டுல ஒக்காந்திருந்தப்பகூட இம்புட்டுப் பேசுனதில்ல.”

அடுத்த வருஷம் வெயில் காலத்தில் அக்கா சாப்பாட்டைக் குறைத்தார். வாய்க்கு வாய் நகத்தால் கீறினார். உடம்பைச் சொறிந்துகொண்டே இருந்தார். இவர் வேர்க்குரு என்று பவுடர் போட்டார். மூத்திர வாடை கடுமையாக இருந்தது. தண்ணீர் போதவில்லை என்று அதிகமாகக் கொடுத்தார். என் வீட்டுக்காரியும் போய்ப் பார்த்தாள். முகம் மஞ்சளாகத்தான் இருந்தது. அண்ணன் பூசியிருக்கிறார் என்று வந்துவிட்டாள். நானும் வாசலில் நின்று பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. வரிசையில் வந்து பார்த்த யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. அவர் பூசுவது எல்லோருக்கும் தெரியும். இதில் இன்னொன்றும் உண்டு. படுத்துக் கிடக்கிறவர்கள் முகத்தை யாரும் ரொம்ப நேரம் பார்ப்பதில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டில் காலையோ மாத்திரைப் பெட்டியையோ பார்ப்போம்.

அக்காவின் தம்பி ஊரிலிருந்து வந்தார். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று, அக்காவை நாற்காலியில் வைத்து வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கி வந்தார். அப்போதுதான் கண்ணைப் பார்த்தார். வெள்ளை முழி முழுவதும் மஞ்சள்.

“மச்சான், அக்கா கண்ணு என்ன இப்படி இருக்கு.”

“எப்படி இருக்கு?” என்றார் இவர்.

தம்பி சொன்னார். இவர் இரண்டு கையையும் அக்கா பக்கம் நீட்டினார். பிறகு பாதியில் நிறுத்திவிட்டார். கையால் தொட்டுத் தெரிந்துகொள்கிற காரியம் இல்லை அது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பித்தப்பையில் கல் அடைத்திருக்கிறது என்றார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார்கள். டாக்டர் யாரையும் குறை சொல்லவில்லை. எத்தனை நாளாகக் கண் மஞ்சளாக இருக்கிறது என்று மட்டும் கேட்டார். இவரிடம்தான் கேட்டார். இவர், எனக்குத் தெரியாது சார் என்றார். பிறகு டாக்டர் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்.

பொம்பளை வார்டு. ஆம்பளைகள் நோயாளியைப் பார்க்கிற நேரத்தில் மட்டும்தான் உள்ளே போகலாம். மற்ற நேரம் கூட இருக்க ஒரு பொம்பளை வேண்டும். என் வீட்டுக்காரி தையல் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு இருந்தாள். முதல் நாளே ரகளை. துணி மாற்ற வந்த ஆயா சட்டென்று புரட்டியதும் அக்கா அடித்துவிட்டார். ஊசி போட வந்த நர்ஸம்மாவுக்கும் அடி. அடிக்கிற கேஸ் என்று கையைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். அக்காவுக்கு இருந்ததே அந்த ஒரு கை.

என் வீட்டுக்காரி வெளியே வந்து இவரிடம் சொன்னாள். இவர் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையைக் கட்டிவிட்டார்கள் என்றதும் எழுந்து நின்றார். எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். பிறகு உட்கார்ந்து, இவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். எதைச் செய்தாலும் முன்னாடி வாயால் சொல்லுங்கள், அவள் தட்டுகிற வரைக்கும் நில்லுங்கள், வருகிறவர்களிடமும் சொல்லச் சொல்லுங்கள் என்று. இவள் போய்ச் சொன்னாள். நர்ஸம்மா நல்ல மாதிரி. கட்டை அவிழ்த்துவிட்டு, “அக்கா, ஊசி போடப் போறேன்” என்றார்களாம். அக்கா கையைக் கொடுத்தாராம். அன்று சாயங்காலம் இவள் வீட்டுக்கு வந்து, வாய் வலிக்கிது என்று படுத்தாள்.

கல்லை எடுத்தார்கள். தேறி வந்தார். வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொன்ன அன்று, ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் தம்பி பேச்சை எடுத்தார். நானும் நின்றேன்.

“தப்பா நெனைக்காதீங்க மச்சான். அக்காவ நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்ல கண்ணு தெரிஞ்ச ஆளுக இருக்கோம்.”

தம்பி கெட்டவர் இல்லை. சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். இவர் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். குடிக்கவில்லை.

“அவட்டக் கேக்கணும்,” என்றார்.

பார்க்கிற நேரத்துக்கு உள்ளே போனோம். அவர் கட்டில் ஓரம் உட்கார்ந்து, கை வைக்கிறேன் என்று சொல்லி, மணிக்கட்டை அக்கா கைக்குக் கீழே கொடுத்தார்.

“ஒன் தம்பி ஊருக்குக் கூப்புடுறான். போறியா?”

அக்கா கை அசையவில்லை.

“நம்ம வீட்டுக்கே போவோமா?”

அதற்கும் அசையவில்லை. அக்கா மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இவர் காத்திருந்தார். நேரம் முடிந்தது என்று வாட்ச்மேன் வந்து சொல்கிற வரைக்கும் காத்திருந்தார். வெளியே வரும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கும் தெரியல தம்பி என்றார்.

டீக்கடைக்குத் திரும்பி வந்தோம். தம்பி நின்றுகொண்டிருந்தார்.

“கூட்டிட்டுப் போங்க மாப்ள. நானும் வாரேன்.”

தம்பி இதை எதிர்பார்க்கவில்லை. அக்காவை மட்டும் நினைத்துத்தான் பேசியிருக்கிறார்.

“மச்சான், அது கிராமம். பாத்ரூம் வெளிய இருக்கு. மாடு கட்டியிருக்கு. கெணறு இருக்கு. இங்க ஒங்க வீட்ல ராசா மாதிரி நடக்குறீங்க. அங்க ஒண்ணு ஒண்ணுக்கும் ஒருத்தர் கையப் பிடிக்கணும்.”

“பிடிக்கிறேன்.”

“பொண்டாட்டி வீட்ல வந்து ஒக்காந்துட்டாருன்னு ஊர்ல பேசுவாங்க. எனக்கில்ல, ஒங்களுக்குத்தான் சங்கடம்.”

“பேசட்டும்,” என்றார். “அவ கண்ணு மஞ்சளானது எனக்குத் தெரியல. நீங்க பாத்தீங்க. அதனால அவ அங்க இருக்கணும். ஒங்க வீட்ல எல்லாருக்கும் வேல கெடக்கு. அவட்டப் பேசிக்கிட்டே இருக்க யாருக்கு நேரம். அதனால நானும் வரணும்.”

தம்பி டீக்குக் காசு கொடுக்கப் போனார்.

வீட்டைக் காலி செய்ய அரை நாள் ஆனது. அவருக்கு அந்த வீட்டில் எது எங்கே என்று கை போகும். உப்பு டப்பாவிலிருந்து ஊசி நூல் வரைக்கும் போகும். எல்லாவற்றையும் எடுத்து எடுத்து எங்களிடம் கொடுத்தார். இது வேணாம், இது அங்கே இருக்கும் என்று ஒதுக்கினார். வேனில் சீட்டில் உட்காரச் சொன்னார்கள். அவர் பின்னால் ஏறி, அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வண்டி கெளம்பப் போகுது என்று அக்காவிடம் சொன்னார். டிரைவர் இன்னும் வரவே இல்லை. ரோட்டில் போன வண்டிச் சத்தத்தைக் கேட்டு அவசரப்பட்டுவிட்டார். பிறகு, இல்ல, இன்னும் கெளம்பல என்று திருத்திச் சொன்னார்.

மழைக்காலம் போன பிறகு மேலூரில் ஒரு கல்யாணம். முடிந்ததும் அங்கிருந்து பஸ் ஏறிக் கொட்டாம்பட்டி போனேன். ரோட்டை விட்டு உள்ளே கொஞ்ச தூரம். சுற்றிலும் மாந்தோப்பு. வீடு நல்ல வீடுதான். முன் அறையில் கட்டில் போட்டு அக்காவைப் படுக்கவைத்திருந்தார்கள். துணி சுத்தமாக இருந்தது. அவர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். உள்ள வாரேண்ணே என்றேன். குரலைக் கேட்டு எழுந்துவிட்டார். உடம்பு பாதியாகிவிட்டது.

தம்பி வீட்டில் வேலை ஓயாது. மாடு, தோப்பு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். தம்பி சம்சாரம் நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் தம்பி ஒரு கயிறு கட்டிக்கொடுத்திருக்கிறார், இவர் பிடித்துக்கொண்டு போக. அதில் வீட்டில் உள்ளவர்கள் துணி காயப்போட்டுவிடுகிறார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கயிறு என்றால் துணி போடத் தோன்றும். போகும்போது முகத்தில் ஈரச் சேலை அடிக்கும் என்றார். நான் இருக்கும்போதே ஒரு தரம் பாத்ரூம் போக எழுந்தார். தம்பி சம்சாரம் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் மணிக்கட்டைப் பிடித்து விறுவிறு என்று இழுத்துக்கொண்டு போனது. அடுப்பில் பால் வைத்திருந்த அவசரம். அவர் கூடவே போனார். திரும்பி வந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கினார்.

அக்காவிடம் மட்டும் பேச்சு அப்படியே இருந்தது. தலகாணிய எடுக்குறேன், இடது பக்கம் திருப்பப் போறேன், இவரு செல்லூர்த் தம்பி, நம்ம பக்கத்து வீடு. குரல்தான் தேய்ந்துவிட்டது. பாதிச் சொல் காற்றாக வந்தது.

நான் கிளம்பும்போது, ஒரு உதவி தம்பி என்றார். அவர் என்னிடம் உதவி என்று கேட்டது அதுதான் முதல் தரம்.

“அவ கண்ணக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. வெள்ளையா இருக்கா என்னன்னு.”

வருகிற எல்லோரிடமும் கேட்கிறாராம். பால்காரரிடம் கேட்கிறார். மாத்திரை கொடுக்க வருகிற நர்ஸம்மாவிடம் கேட்கிறார். தேங்காய் வெட்ட வந்தவரிடமும் கேட்டிருக்கிறார். வீட்டில் உள்ளவர்களைக் கேட்டால் நல்லாத்தான் இருக்கு என்கிறார்கள்.

“பாத்துட்டுச் சொல்றாங்களா, பாக்காமச் சொல்றாங்களா, எனக்குத் தெரியல தம்பி. அவுகள நம்பித்தான் வந்தேன். குத்தம் சொல்லல. ஆனா தெரியல.”

நான் கட்டில் பக்கம் போனேன். கதவை முழுக்கத் திறந்தேன். வெளிச்சம் கட்டிலில் விழுந்தது. அவர் அக்கா பக்கம் குனிந்தார்.

“செல்லூர்த் தம்பி ஒன் கண்ணப் பாக்கப் போறாரு. இங்கிட்டுத் திரும்பு.”

அக்கா என்னை ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வையில் அலுப்புத்தான் இருந்தது. நிறத்தைக் கவனிப்பதற்குள் கண்ணை மூடிக்கொண்டார். இறுக்க மூடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“பாத்துட்டீங்களா?”

“கண்ண மூடிட்டாங்கண்ணே.”

“தூங்கிட்டாளா?”

“இல்ல. மூடிக்கிட்டாங்க.”

அவர் கை அக்கா முகத்தை நோக்கிக் கொஞ்சம் போனது. இமையைத் தூக்கிப் பிடித்தால் நான் பார்த்துச் சொல்லிவிடலாம். ஒரு நொடி வேலை. கை நின்றது. திரும்பி அவர் மடிக்கு வந்தது.

“வேணாங்கிறா,” என்றார். “வர்றவுக போறவுக எல்லாரும் பாத்தா அவளுக்கும் அலுக்கும்ல. நீங்க கெளம்புங்க தம்பி. பஸ்ஸு போயிரும். நாளைக்குக் காலையில பால்காரரு வருவாரு.”

“வந்ததும் நீங்க பாத்திருப்பீங்கள்ல?” என்று அவரே மறுபடியும் கேட்டார்.

“சரியாப் பாக்கலண்ணே.”

“சரி.”

மதுரை பஸ் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் போகவில்லை. கதவுக்குப் பக்கத்தில், வெளிச்சத்தை மறைக்காமல் தரையில் உட்கார்ந்தேன். பொழுது சாய்வதற்குள் அக்காவாகக் கண்ணைத் திறந்தால், பார்த்து அவருக்கு ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகலாம் என்று.